எட்ட நின்று எடுக்க ஒரு லென்ஸ்

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. நான் கேமரா வாங்கிய கதையை அந்தக் கோபத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எழுபதுகளின் கடைசி. மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பாக்டரியில், தூள் சலிக்கும் பகுதியில் எனக்கு வேலை. கொழுந்து அதிகமாக வெடிக்கும் வாரங்களில் கங்காணி எங்களையும் மலைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார். அப்படிப் போன ஒரு நாள், ரோட்டு வளைவில் ஒரு வெள்ளைக்காரன் நின்றுகொண்டு எங்களைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான். கையில் குழாய் நீட்டிய கேமரா. சுற்றுலா வந்தவன். நான் ரோட்டை ஒட்டிய வரிசையில் நின்றிருந்தேன். முதுகுக் கூடையைக்கூட இறக்காமல் நேராக அவனிடம் போனேன்.

"யாரக் கேட்டு எடுக்கிற? நாங்க என்ன கூண்டுல இருக்கோமா?" என்று தமிழிலேயே கேட்டேன்.

அவனுக்குத் தமிழ் புரியவில்லை, தொனி புரிந்தது. முகம் சிவந்து போய், என்ன செய்வதென்று தெரியாமல், கழுத்திலிருந்த வாரைக் கழற்றிக் கேமராவை என்னிடமே நீட்டினான். பார், பார் என்று கையால் காட்டினான். கண்ணை வைத்தேன்.

அடி ஆத்தி! எதிர் மலையில் கட்டைவிரல் அளவுக்குத் தெரிந்துகொண்டிருந்த என் பக்கத்து வீட்டுக்காரி, என் முகத்துக்கு நேராக வந்து நின்றாள். மூக்குத்திக் கல் தெரிந்தது. வெற்றிலை மென்று மென்று சிவந்த உதடு தெரிந்தது. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து முதுகைக் கூடை விளிம்பில் தேய்த்துச் சொறிந்துகொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபம் போன இடம் தெரியவில்லை.

கேமராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரிசைக்கு வந்தேன். கை கொழுந்து பறித்தது. மனசு மேலே கியா பார்ம் என்கிற ஊரில் இருந்தது.

ஏன் என்று சொல்கிறேன். எங்களுக்கு மூன்று பிள்ளைகள். முதல் இரண்டும் பையன்கள், மூன்றாவது பெண். அந்தப் பெண்ணை நாற்பதாம் நாள் என் கணவரின் அண்ணன் வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம். அண்ணி, அதாவது என் ஓரகத்திக்குக் கரு தங்கவில்லை. ஒன்றே ஒன்று பிறந்து, ஒரு வாரம் இருந்து, போய்விட்டது. என்னை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. குழந்தை பார்க்க வந்தவள் அதை மடியில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிளம்பும் நேரத்தில் திருப்பிக் கொடுக்க வந்தாள். அவள் கை கொடுக்க மாட்டேன் என்கிறது. நான்தான், "அக்கா, நீங்களே வச்சிக்கிங்க" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது.

பிள்ளை தங்காத வீட்டுக்குப் பிள்ளையைச் சும்மா கொடுக்கக் கூடாது, தவிட்டுக்கு விற்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஓரகத்தி ஒரு முறம் நிறையத் தவிட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நான் முறத்தை வாங்கிக்கொண்டேன். அவள் குழந்தையை வாங்கிக்கொண்டாள். நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளின் கோயில் பூசாரி பக்கத்தில் நின்று விபூதி போட்டார்.

"அஞ்சு வயசு முடியிற வரைக்கும் பெத்தவ கை பிள்ள மேல படக்கூடாது. பட்டா அந்த வீட்டுல ஒட்டாது. எட்ட நின்னு பாத்துக்கலாம், அதுல தப்பில்ல" என்றார்.

அந்தத் தவிட்டை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நாள் அடுப்படியில் வைத்திருந்தேன். பிறகு கோழிக்குப் போட்டேன். கோழி தின்று முடிக்கும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அவர்கள் கியா பார்மில் வாடகை நிலத்தில் காய்கறி போட்டிருந்தார்கள். ரோட்டோரத்தில் ஓரகத்திக்கு ஒரு கடை, கீரையும் தக்காளியும் ஸ்ட்ராபெரியும். என் கணவர் லோரி டிரைவர். மலைக் காய்கறியைக் கீழே ஈப்போ டவுனுக்கு ஏற்றிப் போகிறவர். சனிக்கிழமை எனக்கு அரைநாள் வேலை. லோரியில் ஏறி பிரிஞ்சாங் டவுனில் சாமான் வாங்கிக்கொண்டு, அப்படியே மேலே கியா பார்முக்குப் போவோம். கடைக்கு எதிரே ரோட்டின் இந்தப் பக்கம் லோரியை நிறுத்திவிட்டு, அவர் இறங்கிப் போய் அண்ணனோடு சேர்ந்து முட்டைக்கோஸ் ஏற்றுவார். நான் இறங்க மாட்டேன். மேலே உட்கார்ந்தபடியே 'எட்ட நின்னு' பார்ப்பேன்.

பிள்ளை கடை முன்னால் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்திருப்பாள். நடுவில் ரோடு, பஸ், கார், பேரம் பேசும் கூட்டம், இதெல்லாம் போதாதென்று மூடுபனி. கை தெரியும், கால் தெரியும், கவுன் நிறம் தெரியும். முகம் தெரியாது. எட்ட நின்று பார்க்கலாம் என்று வரம் கொடுத்த பூசாரி அதற்கேற்ற கண்ணைக் கொடுக்கவில்லை. அவளுக்கு இருப்பது என் மூக்கா, அவர் மூக்கா என்றுகூட எனக்குத் தெரியாமல் நாலு வயதை நெருங்கிவிட்டாள். வேறொன்றும் வேண்டாம், அவள் முகத்தை ஒரு தடவை பக்கத்தில் பார்க்க வேண்டும், அது என் கையில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

அன்று ராத்திரி சோறு போடும்போது சொன்னேன்.

"எனக்கு ஒரு கேமரா வேணும்."

"எதுக்கு?"

"போட்டோ எடுக்க."

"அது சரி. டீத்தூளையா எடுக்கப் போற? அது ஒன்னப் பாத்து சிரிக்கவா போவுது?"

"வாங்கித் தர முடியுமா, முடியாதா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு குழம்பை ஊற்றச் சொன்னார். அவர் குழம்பு கேட்டால் சரி என்று அர்த்தம்.

லயத்துப் பெண்கள் சேர்ந்து மாதாமாதம் கட்டிய கூட்டுச் சீட்டுப் பணம் அந்த மாதம் எனக்கு விழுந்தது. தையல் மிஷின் வாங்கப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். கேமரா என்றதும் குழாயடியில் ஒரே கூத்து. "தையல் மிசினு வாங்கினா நாலு ரவிக்க தைக்கலாம். கேமராவ வச்சி என்னாத்த தைப்ப?" என்றாள் அந்த முதுகு சொறிந்தவள். "ஒன் வாயைத் தைப்பேன்" என்றேன். நீ முதுகு சொறிந்ததை எதிர் மலையிலிருந்து பார்த்தேன் என்று சொல்ல நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன்.

லீவு போட்டுவிட்டு லோரியிலேயே ஈப்போவுக்குப் போனோம். கேமராக் கடைத் தவுக்கே, அதாவது முதலாளி, மெலிந்த சீனர், மூக்கு நுனியில் கண்ணாடி. எங்கள் கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். சொன்னோம். புதுக் கேமராக்கள் இருந்த கண்ணாடிப் பெட்டியை மெதுவாக மூடினார். உள்ளே போய் பழையது ஒன்றை எடுத்துவந்தார். ஜப்பான் கேமரா. மூலைகளில் கறுப்புத் தேய்ந்து பித்தளை தெரிந்தது. இந்த வகைக் கேமராவில் லென்ஸைக் கழற்றி வேறு மாட்டலாம், லென்ஸ் எதைப் பார்க்கிறதோ அதையேதான் நம் கண்ணும் பார்க்கும் என்று மலாயில் விளக்கினார். உள்ளே ஒரு முள் ஆடியது. அது நடுவில் நின்றால் வெளிச்சம் சரி.

"கேமராவோட ஒரு லென்ஸ் குடுக்கலாம். ரெண்டு வேணும்னா இந்தக் காசு பத்தாதுலா" என்று சொல்லிவிட்டு, மூன்று லென்ஸைக் கண்ணாடி மேசை மேல் வரிசையாக வைத்தார்.

ஒன்று குட்டை, அகலமாகப் பார்க்கும். என் கணவர் அதை மாட்டச் சொல்லி, கடை வாசலில் நிறுத்தியிருந்த எங்கள் லோரியைப் பார்த்தார். "ஏய், முழு லோரியும் வுழுந்துருச்சு! ஹெட் லைட்லேருந்து டெயில் லைட் வரைக்கும்!" என்று அந்த மனிதர் கூவிய கூவலில் தவுக்கே சிரித்துவிட்டார். நடுவிலிருந்தது சாதா லென்ஸ். நம் கண் பார்க்கிற மாதிரியே பார்க்கும், மங்கலிலும் எடுக்கும், முதன்முதலில் வாங்குகிறவர்களுக்கு இதுதான் சரி என்றார். மூன்றாவது நீளமானது.

நான் அதைக் கையில் எடுத்தேன். கனத்தது. மாட்டிக் கொடுத்தார். கடைக்கு எதிரே ஒரு கோப்பிக்கடை. அங்கே ஒரு தாய், கோப்பியைச் சாசரில் ஊற்றி ஊதி ஊதித் தன் பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வளையத்தைத் திருப்பினேன். கலங்கலிலிருந்து பிள்ளையின் முகம் மெல்லத் தெளிந்து வந்தது. மேலுதட்டில் நுரை ஒட்டியிருந்தது. நாக்கை நீட்டி அதை நக்கியது. நான் கேமராவை முகத்திலிருந்து எடுக்கவே இல்லை.

தவுக்கே பொறுமையாகச் சொன்னார். "அக்கா, இது கனம், கை ஆடும். வெளிச்சம் நெறைய வேணும். ஒங்க மலையில வெளிச்சம் எங்க இருக்கு? அப்புறம், ஒரு ஆள் நீட்டிப் படுக்கிற தூரத்துக்கு உள்ள வந்துட்டா இதுக்குக் கண்ணு தெரியாது. இத மட்டும் வச்சிக்கிட்டு வீட்டுல பிள்ளைய எடுக்கணும்னா, பின்னால போயிப் போயி செவுத்துல முட்டிக்குவீங்க."

"வீட்டுல எடுக்கப் போறதில்ல" என்றேன்.

அந்த ஒரு வார்த்தைதான் சொன்னேன். என் கணவர் குட்டை லென்ஸைக் கையில் வைத்திருந்தவர், அதை மெதுவாக மேசையில் வைத்தார். கேமரா கியா பார்முக்குத்தான் என்று அவரிடம் நான் சொல்லவே இல்லை. அவரும் கேட்கவே இல்லை.

"தவுக்கே, அந்த நீட்டமானதையே குடுங்க" என்றார்.

வெளியே வந்து லோரியில் ஏறும்போது, "லோரியப் படம் இன்னொரு நாளைக்கு எடுத்துக்கலாம்" என்றார். அந்த நிமிஷம் அவர் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. நடுத்தெருவாயிற்றே என்று விட்டுவிட்டேன்.

முதல் ரோலைப் பல சனிக்கிழமைகளாகக் கியா பார்மில் லோரிக்குள் இருந்தபடி எடுத்தேன். ஜன்னலை இறக்கி, முழங்கையை ஊன்றி, மூச்சைப் பிடித்து. தவுக்கே சொன்னது ஒன்று விடாமல் நடந்தது. கை ஆடியது, வெளிச்சம் போதவில்லை, நான் அழுத்தும் நேரம் பார்த்து எவனாவது குறுக்கே லோரி ஓட்டிக்கொண்டு போனான். கழுவி வந்த படங்களை விரித்துப் பார்த்தால் முட்டைக்கோஸ், குடை, மூடுபனி, யாரோ ஒரு கிழவருடைய தொப்பி. ஒரே ஒரு படத்தில் மட்டும், கூட்டத்தின் இடுக்கில், ஒரு காது. எண்ணெய் வைத்து வாரிய முடி, அதற்குக் கீழே தெளிவாக ஒரு குட்டிக் காது.

அதில் ஒரு சின்னத் தோடு.

"எப்ப காது குத்தினாங்க?" என்று கேட்டேன்.

அவர் சட்டையைத் தேடினார்.

"எப்பன்னு கேக்குறேன்."

"போன தையில. தாப்பா கோயில்ல. நான் போயிட்டு வந்தேன். சொன்னா நீ வருவ. வந்தா தூக்குவ. அதான் அண்ணி சொல்ல வேணாம்னாங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவருக்கு இரண்டு நாள் சோறு மட்டும்தான் போட்டேன், பேச்சுப் போடவில்லை. ஓரகத்தி மேல் அதைவிடப் பெரிய ஆத்திரம். என் பிள்ளையை வாங்கிக்கொண்டவள், அந்தக் காதில் ஊசி ஏறும்போது பிள்ளை அழுத அழுகையையும் எனக்குத் தெரியாமல் ஒளித்துவிட்டாள். ஆனால் அந்தக் காதுப் படத்தை அரிசி டின் மேல் சாய்த்து வைத்துத் தினமும் பார்த்தேன். காது என் அம்மாவின் காது.

பிறகு மழைக்காலம் பிடித்துக்கொண்டது. மலையில் மழைக்காலம் என்றால் சுவர் வியர்க்கும், செருப்பில் பூஞ்சை பூக்கும், தீப்பெட்டி எரியாது. ஈரம் பட்டால் லென்ஸுக்குள் பூஞ்சை ஓடும், காய்ந்த இடத்தில் வை என்று தவுக்கே எச்சரித்திருந்தார். எனக்கா காய்ந்த இடம் தெரியாது? டிரையரிலிருந்து சுடச்சுட வரும் தூளைச் சலிப்பதுதான் என் பிழைப்பு. தேயிலையைப் போல ஈரத்தை இழுக்கும் பொருள் உலகத்தில் வேறு இல்லை. பக்கத்தில் வெங்காயம் வைத்தால்கூட அதன் வாசனையை இழுத்துக்கொள்ளும். பெரிய பிஸ்கட் டின் ஒன்றை எடுத்து, பாதிக்கு நைஸ் தூளைக் கொட்டி, லென்ஸை மல்துணியில் சுற்றி உள்ளே புதைத்து, மேலேயும் தூளைக் கொட்டி மூடினேன். மலையிலேயே என் லென்ஸ்தான் காய்ந்த லென்ஸ் என்று எனக்கு ஒரு கர்வம். கேமராவைத் தனியாக ஒரு சட்டையில் சுற்றி அடுப்புக்கு மேல் பலகையில் வைத்தேன்.

மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்த ஒரு வெள்ளிக்கிழமை, என் கணவர் வேலை முடிந்து வந்து படியிலேயே உட்கார்ந்தார்.

"அண்ணனோட நெலத்தத் திருப்பிக் கேட்டுட்டாங்களாம். கிள்ளான்ல துறைமுகத்துல வேல கெடச்சிருக்கு. ஞாயித்துக்கெழம கெளம்புறாங்க."

 கிள்ளான் எங்கே, நாங்கள் எங்கே. சனிக்கிழமை ஒன்றுதான் பாக்கி.

மறுநாள் விடிந்ததும் டின்னைத் திறந்தேன். லென்ஸ் பளபளவென்று இருந்தது. ஒரு பொட்டுப் பூஞ்சை இல்லை. கேமராவில் மாட்டினேன். பரிசோதித்துப் பார்க்க வீட்டுக்குள் எது தூரம்? எதிரே நின்ற அவர் முகத்தைப் பார்க்க வளையத்தைக் கடைசி வரைக்கும் திருப்பினேன். நறநறவென்று அரைத்தது. மீசை தெளிவாக வந்தது. மறுபடி தூரத்துக்குத் திருப்பலாம் என்றால் வளையம் அசையவில்லை. நான் சலித்த நைஸ் தூள், மல்துணியைத் தாண்டி, லென்ஸின் இடுக்கெல்லாம் ஏறி, எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து கெட்டிப்பட்டிருந்தது.

அவர் துணி சுற்றித் திருகிப் பார்த்தார். "இது லோரி நட்டு இல்ல, ஒடச்சிடாதீங்க" என்று கத்தினேன். ஈப்போவுக்குப் போய் வர நேரமில்லை. எட்ட இருப்பதைப் பார்க்கவென்றே வாங்கிய லென்ஸ், இனி ஒரு ஆள் படுக்கிற தூரத்தில் நிற்பதை மட்டும்தான் பார்க்கும். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று என்னையே திட்டிக்கொண்டு, அதையே கழுத்தில் மாட்டிக்கொண்டு லோரியில் ஏறினேன்.

கியா பார்மில் அன்று மூடுபனி இல்லை. நல்ல வெயில். இத்தனை நாள் இல்லாத வெயில் அன்றைக்குப் பார்த்து அடித்தது. கடை பாதி காலியாகக் கிடந்தது. பிள்ளை அதே பெட்டி மேல் சிவப்புக் கவுனோடு உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் வழியாகக் கேமராவை நீட்டிப் பார்த்தேன். சிவப்பாக ஒரு கலங்கல். அவ்வளவுதான்.

"எறங்குலா" என்றார் அவர்.

"மாட்டேன்."

"நாளைக்கு இவங்க இங்க இருக்க மாட்டாங்க."

"அஞ்சு வயசு இன்னும் ஆகல. என் கை பட்டு பிள்ளைக்கு ஏதாவது ஆனா நீங்களா பதில் சொல்வீங்க?"

அவர் இறங்கிப் போய்விட்டார். நான் கலங்கலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கலங்கலுக்குள் இன்னொரு கலங்கல் அசைந்தது. கேமராவை இறக்கினால், ஓரகத்தி கையைக் கைலியில் துடைத்துக்கொண்டே ரோட்டைக் கடந்து வருகிறாள். லோரிக் கதவுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"என்னா, எடுத்து முடிச்சிட்டியா?"

"எத அக்கா?"

"எத அக்காவாம். எத்தன வாட்டி இந்த ஜன்னல்ல கொழாய நீட்டிக்கிட்டு ஒக்காந்திருந்த? எனக்குக் கண்ணு இல்லன்னு நெனச்சியா? கேமரா வர்றதுக்கு முன்னாலயும் நீ மேல ஒக்காந்திருக்கிறது எனக்குத் தெரியாதா? சனிக்கெழம ஆனா அவளுக்குத் தல சீவி, பவுடர் போட்டு, நல்ல கவுனா மாட்டி, ரோட்டப் பாத்து பெட்டி மேல ஒக்கார வைக்கிறனே, அது யாருக்குன்னு நெனச்ச? தக்காளி வாங்க வர்றவங்களுக்கா?"

 யோசித்துப் பார்த்தேன். எத்தனை சனிக்கிழமை. ஒரு நாளாவது அந்தப் பிள்ளை ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாளா? ஒரு நாளாவது அழுக்குக் கவுனில் இருந்திருக்கிறாளா? மண்ணில் வேலை செய்கிற வீட்டுப் பிள்ளை அது. இவளைப் போய் இத்தனை நாளாக மனசுக்குள் எத்தனை திட்டுத் திட்டியிருக்கிறேன்.

"ஒன்னாச்சும் நல்லா வந்துச்சா?" என்று கேட்டாள்.

"காது ஒன்னு வந்துச்சு."

"காதா?"

"ஒரே ஒரு காது."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "காது குத்துனதச் சொல்லல. பயம். நீ வந்து அவ அழுறதப் பாத்தா தூக்கிட்டுப் போயிருவியோன்னு பயம். அப்பல்லாம் எனக்கு எல்லாத்துக்கும் பயம்" என்றாள். பிறகு லோரிக் கதவைத் தானே திறந்தாள். "வா. கிட்ட வந்து எடு."

"பூசாரி..."

"தொடக்கூடாதுன்னுதான சொன்னாரு? போட்டோ எடுக்கக் கூடாதுன்னா சொன்னாரு?"

இறங்கினேன்.  ரோட்டைக் கடந்தோம். பெட்டிக்கு முன்னால், ஒரு ஆள் படுக்கிற தூரத்தில், அங்கேயே நின்றுகொண்டேன்.

பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அம்மா, இவங்கதான லோரி சின்னம்மா?" என்று ஓரகத்தியைக் கேட்டாள்.

அம்மா என்று அவளைத்தான் கூப்பிட்டாள். அப்படித்தான் கூப்பிட வேண்டும், அதற்குத்தான் கொடுத்தேன். ஆனாலும் வலித்தது, இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன். அதே சமயம், எனக்கென்று ஒரு பெயர் அந்த வீட்டில் புழங்கிக்கொண்டிருந்திருக்கிறது என்று ஒரு சந்தோஷம் வந்தது பாருங்கள், அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கேமராவைக் கண்ணில் வைத்தேன். வளையத்தைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. அவள் முகம் கண்ணாடி முழுக்கத் தெளிவாக நின்றது. புருவம் தெரிந்தது. பவுடர் திட்டு தெரிந்தது. கன்னத்தில் கொசு கடித்த தடம். மூக்கு என் மூக்கு. ஐயோ, அதே சப்பை மூக்கு! முள் நடுவில் நின்றது. அழுத்தினேன்.

சத்தம் கேட்டதும் அவளுக்கு வேடிக்கையாகிவிட்டது. பெட்டியிலிருந்து இறங்கி என்னை நோக்கி வந்தாள். கலங்கிவிட்டாள். நான் ஓர் எட்டு பின்னால் வைத்தேன், தெளிந்தாள். இன்னும் வந்தாள். நான் இன்னும் பின்னால் போனேன். விளையாட்டு என்று நினைத்து கெக்கெக்கே என்று சிரித்துக்கொண்டே வந்தாள்.  கை பட்டுவிடக் கூடாதே, ஒட்டாமல் போய்விடக் கூடாதே என்று போய்க்கொண்டே இருந்தேன். தவுக்கே சொன்ன சுவர் அங்கே இல்லை. ஏற்றுவதற்கு அடுக்கி வைத்திருந்த முட்டைக்கோஸ் கூடைகள் இருந்தன. முதுகு முட்டியது.

கண்ணாடிக்குள் சிவப்பு பெரிதாகிக்கொண்டே வந்தது. கண் இல்லை, மூக்கு இல்லை, வெறும் சிவப்பு. ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் அழுத்தினேன். அடுத்த நொடி என் முழங்காலை இரண்டு கைகள் கட்டிக்கொண்டன.

நான் தொடவில்லை. யார் கேட்டாலும் சாமி மேல் சத்தியமாகச் சொல்வேன், முதலில் தொட்டது அவள்தான். நான் கேமராவை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் நிற்கிறவள் மாதிரி நின்றேன். கீழே குனிந்து பார்க்கக்கூடப் பயம். வகிடு மட்டும் தெரிந்தது. எண்ணெய் வாசம் வந்தது.

ஓரகத்தி பக்கத்தில் வந்தாள். எம்பி, என் கையிலிருந்து கேமராவை வாங்கிக்கொண்டாள்.

"இத நான் புடிச்சிக்கிறேன்" என்றாள். "ஒங்கையி சும்மாத்தான இருக்கு?"

அண்ணனும் தம்பியும் அந்தப் பக்கம் திரும்பி முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஏற்றியதையே இறக்கி மறுபடி ஏற்றினார்கள் என்று நினைக்கிறேன். அவ்வளவு நேரம் ஆனது.

அவர்கள் கிள்ளானுக்குப் போனார்கள். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த வீட்டில்தான் ஒட்டினாள், நன்றாக ஒட்டினாள். இன்றைக்கும் ஓரகத்தியை அம்மா என்றும் என்னைச் சின்னம்மா என்றும்தான் கூப்பிடுகிறாள். தெளிவாக வந்த படத்தைப் பெரிதாகப் போட்டு ஓரகத்திக்கு அனுப்பினேன். அவள் வீட்டு முன்னறையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். லென்ஸை நான் ரிப்பேர் பார்க்கக் கொடுக்கவே இல்லை. அந்த டின்னில் இருந்த தூளை மட்டும் என் கணவர் வீணாக்காமல் போட்டுக் குடித்தார். "லென்ஸ் டீ, கண்ணுக்கு நல்லது" என்று வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்தார்.

கலங்கிப்போன படம் என்னிடம் இருக்கிறது. கண்ணாடி போட்டு வாசலுக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "இது என்னா, செவப்பா? ஒன்னுமே தெரியலையே" என்று கேட்பார்கள்.

"என் மக. ரொம்பக் கிட்ட வந்துட்டா" என்பேன்.